இழுவைப்பெட்டியில் கும்மிப் பாட்டு

அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த அன்றைக்கே நான் சண்டை போட்டேன். எங்களுடையது இரண்டு அறை வீடு. ஒன்றில் என் தையல் மெஷின், துணி வெட்டுகிற பலகை, ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் துணி மூட்டை. இன்னொன்றில் கட்டில், பீரோ, மாதா படம், மிச்ச இடத்தில் நாங்கள். இதில் பத்துப் படி அரிசி மூட்டை கனத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டியை எங்கே வைப்பது?

"உங்க அண்ணன் பிரான்சுலேருந்து வந்தாரு, சென்ட்டு பாட்டில் கொண்டாந்தாரு, சரி. இதை எதுக்கு இங்க வுட்டுட்டுப் போறாரு? நம்ம வீடு என்ன கிடங்கா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். கம்பத்து உச்சியில் நின்று வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, கீழே நின்று யார் எவ்வளவு கத்தினாலும் அவருக்கு உறைக்காது. "அடுத்த லீவுல வந்து எடுத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

என் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்காலில் அப்படிப் போனவர்களைச் சொல்தா என்போம். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு சொல்தா இருந்தார்கள். எழுபதுகளின் நடுவில் லீவில் வந்தபோதுதான் இந்த அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு, அங்கே கல்யாணத்தில் ஜோடி ஜோடியாக ஆடுவார்களாமே, அந்த மெட்டுகளை வாசிப்பார். தெரு ஆம்பிளைகள் பனியனோடு நின்று காலால் தாளம் போடுவார்கள். அவர் வாயில் அதன் பெயர் மூக்கால் வரும், அக்கோர்தெயோன் என்று. எங்கள் வாயில் அது நுழையவில்லை. தெருவே சேர்ந்து இழுவைப்பெட்டி என்று வைத்துவிட்டது.

அதை நான் தொட்டதற்குக் காரணம் சங்கீத ஆசை எல்லாம் இல்லை. கோபம். ஒரு மத்தியானம் ஒரு அம்மாள் வந்து, நான் அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "கை இறுக்குது, நீ அளவு தப்பா எடுத்துட்ட" என்றாள். அளவு சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் கை பருத்திருந்தது. அதைச் சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வைத்தேன். அவள் போனதும் எதையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பெட்டியைத் திறந்து, பட்டையைத் தோளில் மாட்டி, ஒரு இழு இழுத்தேன் பாருங்கள், அம்மாடி! பக்கத்து வீட்டுக் கோழி கூரை ஏறிவிட்டது. திருப்பி அமுக்கினேன். இன்னொரு அலறல். நாலு தடவை இழுத்து அமுக்கியதும் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மறுநாள் கோபம் வராமலே இழுத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் கேட்டார். "தெரு மொனையிலேயே சத்தம் கேட்டுது. யாரு வீட்டுல மாடு கன்னு போடுது?"

"உங்க வீட்டுலதான். போய்க் கொள்ளு ஊற வைங்க" என்றேன்.

வலது கைக்குக் கட்டைகள். மாதா கோயில் ஆர்மோனியத்தில் அதைப் பார்த்திருக்கிறேன், பயமில்லை. இடது கைக்குப் பொத்தான்கள், வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே மாதிரி. காஜா எடுத்துப் பொத்தான் தைத்தே பொழுது போகிறவளுக்கு அத்தனை பொத்தானைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அதில் ஒன்றை அமுக்கினால் மூன்று நாலு ஒலி சேர்ந்து கிளம்பும். மச்சாண்டாரின் ஆட்ட மெட்டுக்கு அது நன்றாகப் பொருந்தும். நமக்குத் தெரிந்த பாட்டுக்குக் கீழே வைத்தால், ஒருத்தி பாடும்போது நாலு பேர் நடுவில் புகுந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஓரமாக ஒற்றை ஒலி தருகிற பொத்தான் வரிசை ஒன்று இருந்தது. அதில் ஒன்றைக் கண்டுபிடித்துச் சுருதிக்கு வைத்துக்கொண்டேன். மற்றப் பொத்தான்களை அப்படியே விட்டுவிட்டேன். இன்றுவரை அவற்றுக்கு என் கையால் வேலை கொடுத்ததில்லை.

என்ன வாசிப்பது என்பது அடுத்த கேள்வி. சினிமாப் பாட்டில் அக்கார்டியன் மின்னலாக ஓடும். என் விரல்கள் மாட்டுவண்டி. சரி, கோயிலில் வாசிக்கலாம் என்று பாட்டு வாத்தியாரிடம் கேட்டேன். அவர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது டான்ஸ் ஆடுற சாமான்மா. பீடத்துக்கிட்ட வேண்டாம்." அவர் முகத்தைப் பார்க்காமலே பல ஞாயிறு பூசை கண்டேன். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் மீன்கார அக்கா என் வாசிப்பைக் கேட்டாள்.

அவள் கடலோரக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவருகிறவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். எங்கள் வாசலில்தான் கூடையை இறக்கி மூச்சு வாங்குவாள், தண்ணீர் கேட்பாள், நெத்திலி பொறுக்கிக்கொண்டே ஊர்க்கதை சொல்வாள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னைத் தங்கச்சி என்பாள். மீன் விலையில் மட்டும் அந்த உறவு செல்லாது. செதில் உரசும்போது அவள் வாயில் ஏதாவது கும்மிப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அது காதில் விழுந்து விழுந்து எனக்குப் பாடமாகியிருந்தது. ஒரு நாள் அவள் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, அவள் பாட்டையே பெட்டியில் வாசித்துக் காட்டினேன். கண் விரியப் பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

அவள் அரிவாள்மணையில் மீன் அறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏன் தங்கச்சி, பாட்டுக்குச் சளி புடிச்சிருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், என்ன தப்பு? உன் பாட்டுத்தானே?"

"எம்பாட்டு வழுக்கிக்கிட்டுப் போவும். உன் பெட்டி மாடிப்படி எறங்குது. தொம்மு தொம்முனு."

"அது கட்டை வெச்ச பெட்டிக்கா. கட்டைக்குக் கட்டை தாவித்தான் போவணும்."

"அப்ப என் பாட்டை விடு. வேற யாரு பாட்டையாச்சும் படி எறக்கு."

கோபத்தில் அன்றைக்கு மீன் வாங்கவில்லை. ராத்திரி வீட்டுக்காரர் ரசத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆனால் அவள் சொன்னது உண்மை. அவள் குரல் ஒரு ஒலியிலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போனது. என் விரல் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடியது, நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை எப்படி மூடுவது என்று மெஷின் மிதித்துக்கொண்டே யோசித்தேன். கடைசியில் என் தொழிலே வழி சொன்னது. இரண்டு துணியைச் சேர்க்கும்போது ஒன்றின் ஓரத்தின் மேல் இன்னொன்றின் ஓரம் கொஞ்சம் ஏறினால்தான் தையல் நிற்கும். அதே மாதிரி, அடுத்த கட்டையில் விரல் பதிந்த பிறகு முந்தின கட்டையிலிருந்து விரலை எடுத்தேன். இரண்டும் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு பிரிந்தன. வழுக்கல் என்று சொல்ல முடியாது, ஆனால் படிக்கட்டு போய்விட்டது.

அடுத்த வழக்கு மூச்சு. பெட்டியை இழுத்துக்கொண்டே போக முடியாது, துருத்தி விரிந்து முடிந்ததும் திருப்பி அமுக்க வேண்டும். நான் கை வலிக்கிற இடத்தில் திருப்புவேன். மருக்கொழுந்து என்ற சொல் வந்தால் பாதி இழுப்பில் போகும், பாதி அமுக்கலில் போகும்.

"சொல்லை ஏன் ரெண்டா வெட்டுற? அது என்ன கருவாடா?" என்றாள் அக்கா.

"நீ பாடு, நான் பாக்குறேன்" என்றேன். அவள் கை தட்டிப் பாடினாள். தட்டு விழுகிற இடத்தில் துருத்தியைத் திருப்பிப் பார்த்தேன். கும்மித் தட்டின் ஓசைக்குள் என் பெட்டியின் மூச்சு ஒளிந்துகொண்டது. அக்கா தட்டுவதை நிறுத்தாமலே தலையை ஆட்டினாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் முதல் தடவை தைத்து அது ஒரு சுருக்கம் இல்லாமல் பொருந்தியபோதுகூட அவ்வளவு வரவில்லை. அவளுக்கு இரண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன். அவளும் நாலு சங்கரா மீனைச் சும்மா போட்டுவிட்டுப் போனாள். அது எங்கள் வரலாற்றில் முதலும் கடைசியும்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தைத்த துணி வாங்க வருகிறவர்கள் குறைகிற நேரம் எனக்குப் பெட்டி நேரம். அக்காவின் பாட்டுகளில் ஐந்தாறு என் விரலுக்கு வந்துவிட்டன. தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று கும்மியடித்தார்கள். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டு வாசிக்கவைத்தார்கள். என் குறை ஒன்றுதான் தீரவில்லை. ஒரு பாட்டை எடுத்தால் தலையிலிருந்து வால்வரை ஒரே ஓட்டமாகத்தான் வாசிக்க வரும். நடுவில் ஒரு இடம் தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விரலுக்குத்தான் பாட்டுத் தெரியும், எனக்குத் தெரியாது.

அந்த வைகாசியில் ஒரு நாள் அக்கா கூடை இல்லாமல் வந்தாள். கையில் சர்க்கரைப் பொட்டலம். "எம்பொண்ணு பெரிய மனுசியாயிட்டா தங்கச்சி" என்று என் வாயில் சர்க்கரையைப் போட்டாள். நான் அவள் கன்னத்தைப் பிடித்து ஆட்டினேன். ஒரே மகள். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய் மூன்றாவதாகத் தங்கியவள்.

"சடங்குக் கும்மிக்கு நீதான் வந்து பெட்டி வாசிக்கணும். மைக்செட்டு சொல்லியாச்சு. நான் பாடுறேன், நீ வாசி" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். அதே கிளிஞ்சல்மேட்டில் வடக்குத் தெருவில் வீடு. போன வருஷம் அவள் புருஷன் அந்த அண்ணனுடைய வலையை இரவல் வாங்கிக் கடலுக்குப் போய், எதிலோ மாட்டிக் கிழித்துக் கொண்டுவந்தான். கரையில் மீன் ஏலம் போடுகிற இடத்தில், நாலு பேர் நடுவில், அண்ணன் அவனைக் கண்டபடி பேசிவிட்டார். கட்டிய புருஷனைப் பேசினால் அக்கா சும்மா இருப்பாளா? கூடையைக் கீழே போட்டுவிட்டு, "உன் வலையையே கட்டிக்கிட்டு அழுவு! இன்னையிலேருந்து எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல" என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். அன்றைக்கு நின்ற பேச்சு.

இப்போது சடங்கு. பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டியவர் தாய்மாமன். சீர்த்தட்டு எடுத்து வர வேண்டியவர் தாய்மாமன். பெண் கழுத்தில் முதல் மாலை போட வேண்டியவர் தாய்மாமன். ஊர்ப் பஞ்சாயத்தார் போய் அண்ணனிடம் பேசியிருக்கிறார்கள். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னாராம். "அண்ணன் இல்லன்னு சொன்ன வாயாலயே அண்ணேன்னு கூப்புடட்டும். வர்றேன்."

"போய்க் கூப்புட வேண்டியதுதானே? கூப்புட்டா நீ என்ன கொறைஞ்சா போயிடுவ?" என்றேன்.

"ஆளு மூலமா தட்டு வெச்சு அழைச்சாச்சு. அதுக்கு மேல நான் ஏன் போவணும்? எம்புருசனைப் பேசுன மனுசன் வாசல்ல போயி நான் நிக்கணுமா?"

"அப்ப அழாத."

"எம்பொண்ணு கேக்குறா தங்கச்சி. அவரு தோள்ல ஒக்காந்தே வளந்தவ. மாமா வருமா, மாமா வருமான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்கும் அதே கொழுப்பு உண்டு என்பதால் அவளைத் திட்ட வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன். உள்ளுக்குள் வெந்து செத்திருப்பேன். அந்தப் பெண்ணை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.

சடங்குக் கும்மி என் விரலுக்கு முன்பே வந்திருந்த பாட்டுகளில் ஒன்று, அதை அன்றிலிருந்தே சேர்ந்து பழக ஆரம்பித்தோம். முதலில் சாமிக்கு, அடுத்துப் பெண்ணுக்கு, அடுத்து மாமனுக்கு, பிறகு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற அத்தைக்கு, கடைசியில் ஆரத்திக்கு என்று அந்தப் பாட்டு போகும். பெண்ணுக்கான இடம் இப்படி முடியும்:

மஞ்சளரைச்சு வெச்சிருக்கு மணையும் போட்டிருக்கு
மருக்கொழுந்துப் பொண்ணுக்குத்தான் மாலை கட்டிருக்கு

அங்கிருந்து மாமன் இடத்துக்கு மெட்டு சட்டென்று மேலே ஏறும். பாட்டிலேயே அழகான இடம் அதுதான். பெட்டியில் அது வரும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும். மற்ற இடங்களைவிட அதையே அதிகம் வாசித்து வைத்திருந்தேன். அதைக் கேட்டதும் அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"மாமன் எடத்தை விட்டுடு. வராத ஆளைப் பாட்டுல கூப்புட்டா ஊரு சிரிக்கும். பொண்ணுகிட்டேருந்து நேரா அத்தைக்குப் போயிடு."

"எனக்குத் தாண்டி வாசிக்க வராதுக்கா."

"வர வை. இன்னொண்ணு. இங்க தப்பு பண்ணினா நிறுத்தி நிறுத்தி வாசிக்கிற. பந்தல்ல அது ஆகாது. சடங்குக் கும்மியை எடுத்தா முடிக்கணும். பாதியில நிறுத்துனா பொண்ணுக்கு ஆகாது."

தாண்டிப் பழகினேன். சடங்குவரை வேறு எதையும் வாசிக்கவில்லை. அத்தை இடமும் மாமன் இடமும் கிட்டத்தட்ட ஒரே கட்டையில் தொடங்குகின்றன, அதுதான் வம்பு. ஒரு கட்டை தள்ளி விரல் விழுந்தால் மாமன், சரியாக விழுந்தால் அத்தை. கடைசி இரண்டு நாளில் விரல் ஒழுங்காக அத்தைக்குப் போனது. அக்கா திருப்தி என்று சொல்லித் தலையாட்டினாள். வாய்தான் அப்படிச் சொன்னது, முகத்தில் ஒன்றும் இல்லை.

சடங்கு அன்றைக்கு ரிக்‌ஷா வைத்துப் போனோம். கிளிஞ்சல்மேட்டு மணலில் ரிக்‌ஷா இறங்காது என்று ஓட்டுகிறவர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். "கவர்மெண்டு லைன்மேனைச் சுமை தூக்க வெச்சுட்டியேடி" என்று வழியெல்லாம் புலம்பினார். பந்தலைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மைக்செட்டுக்காரன் இழுத்திருந்த ஒயரைப் பார்த்து அவனோடு தொழில் பேசப் போய்விட்டார். இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான். ஒன்று தெருவைப் பார்த்து, ஒன்று கடலைப் பார்த்து.

"கடலுக்கு எதுக்குய்யா பாட்டு?" என்றார் இவர்.

"தென்னை மரம் அங்கதான் சார் இருக்கு" என்றான் அவன்.

அந்தக் குழாய் பார்த்த திசையில்தான் அண்ணன் இருந்தார். கரையில் தன் வள்ளத்தின் நிழலில், பந்தலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வலை முடைந்துகொண்டிருந்தார். தங்கச்சி வீட்டு விசேஷத்தன்று வேறு வேலையே இல்லாத மாதிரி! ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்த முதுகை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பந்தலுக்குள் வந்தார்கள். அக்கா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தில் சுளுக்கு விழுந்தவள் மாதிரி காலையிலிருந்து தெருவைப் பார்த்தே வேலை செய்தாள்.

பச்சை ஓலைக் குடிசையைப் பெண்ணின் சித்தப்பா கட்டியிருந்தார். பெண் குளித்து, புதுப் பாவாடை தாவணியில், தலை நிறையப் பூவோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். நான் தைத்த ஜாக்கெட்டுத்தான். அழகாக இருந்தாள், கண் மட்டும் பெண்களின் இடுப்புகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்துக் கரைக்குப் போய்ப் போய் வந்தது. மாலையைப் பெரியப்பா போடுவதாகப் பேச்சு. கும்மி முடிந்ததும் மாலை.

நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஒரு மைக்கை என் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள், இன்னொன்றை அக்கா வாய்க்கு. பெண்கள் வட்டம் கட்டினார்கள். என் கை ஈரமாக இருந்தது, முந்தானையில் துடைத்தேன். "மாதாவே, அத்தைக்குப் போகணும், அத்தைக்குப் போகணும்" என்று மனசுக்குள் ஜெபம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறேன் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

பெட்டி பாடியது, அக்கா பாடினாள், வட்டம் திருப்பிப் பாடியது. சாமிக்கு முடிந்தது. பெண்ணுக்கு வந்தோம். கும்மி சூடு பிடித்துவிட்டது, மணல் பறந்தது, என் பெட்டி குழாய் வழியாக ஊர் முழுக்க அதிர்வது எனக்கே கேட்டது. அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. பயம், ஜெபம், அத்தை, எல்லாம். என்ன அருமையாக வாசிக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அதே நொடி விரல் தன் பழைய வழியில் ஏறிவிட்டது. மாமனுக்கு.

நான் வேண்டுமென்றே செய்தேன் என்று கிளிஞ்சல்மேட்டில் பின்னாளில் பலர் சொன்னார்கள். இல்லை. அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் இடது கைப் பொத்தான்களையும் சேர்த்து வாசித்திருப்பேனே!

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. அரிவாள்மணையில் வைத்து என்னை அறுத்திருப்பாள். ஆனால் நான் நிறுத்த முடியாது, அவளும் நிறுத்த முடியாது. மணையில் பெண் உட்கார்ந்திருக்கிறாள், எடுத்த கும்மி பாதியில் நிற்கக் கூடாது. மெட்டு ஏறி நின்று அவள் வாய்க்காகக் காத்திருந்தது. பெண்கள் கை தட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். அக்கா வாயைத் திறந்தாள்.

கிழக்கால கடல் இரைய கிளிஞ்ச மண்ணு கால் உறுத்த
எம்பொண்ணு மாமன் வாராரு எங்கண்ணன் வாராரு
வாங்கண்ணே வாங்கண்ணே வாசலுக்கு வாங்கண்ணே

அந்தக் கடைசி வரி மூன்று தடவை வரும். முதல் தடவை பல்லுக்கு நடுவிலிருந்து பாடினாள். வட்டம் உரக்கத் திருப்பிப் பாடியது. இரண்டாம் தடவை குரல் நடுங்கியது. மூன்றாம் தடவை, காலையிலிருந்து திரும்பாத கழுத்துத் திரும்பியது. கடலைப் பார்த்துப் பாடினாள். பாட்டா அது? கூப்பிட்டாள். குழாயில் அது ஊரைத் தாண்டி அலைவரைக்கும் போனது. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு கட்டைகள் மங்கின. நல்ல வேளை, என் விரலுக்குக் கண் வேண்டாம்.

கரையில் வலை முடைகிற கை நின்றது. அவர் எழுந்தார். வலையைச் சுருட்டி வள்ளத்துக்குள் போட்டார். பந்தல் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், விறுவிறுவென்று வடக்குத் தெருவைப் பார்த்து நடந்து போய்விட்டார்.

"போறாரு பாரு" என்று வட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அக்காவின் முகம் செத்துப்போனது. மணையில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அப்படியே பூமிக்குள் போய்விடக் கூடாதா என்று இருந்தது. ஊர் பார்க்க ஒருத்தியைக் கூப்பிட வைத்து, ஊர் பார்க்க அவமானப்படுத்திவிட்டேன். ஆனாலும் பாட்டை முடிக்க வேண்டுமே. அத்தைக்கு வாசித்தேன், ஆரத்திக்கு வாசித்தேன். அக்கா ஒரு வார்த்தை விடாமல் பாடினாள், உயிர் இல்லாமல்.

ஆரத்தி வரி முடிந்து நான் துருத்தியை மூடுகிறேன், வடக்குத் தெரு முனையில் சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அண்ணன் பெண்டாட்டி. பட்டுப்புடவை, தலையில் பூ, கையில் தட்டு. அவளுக்குப் பின்னால் அவர்கள் வீட்டுப் பெண்கள் வரிசையாக, ஆளுக்கு ஒரு தட்டோடு. தேங்காய், பழம், வெல்லம், வளையல், பாவாடை தாவணி, எல்லாம் அடுக்கி மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தது. நடுவில் அண்ணன், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் தென்னோலை. வேட்டி கட்டுகிற நேரம்தான் அவருக்கு ஆகியிருக்கும். அந்த நேரத்துக்குள் கடைக்குப் போய் வர முடியாது.

வட்டம் தானாகப் பிளந்து வழி விட்டது. அக்கா நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. தட்டுகள் ஒவ்வொன்றாக மணைக்கு முன்னால் இறங்கின. ஒரு தட்டுக்கு அருகில் போய் மூடியிருந்த துணியை அக்கா விலக்கிப் பார்த்தாள். மல்லிகைச் சரத்தில் தண்ணீர் சொட்டியது. "வாடிடுமேன்னு காலையிலேருந்து தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வெச்சிருந்தேன்" என்றாள் அண்ணன் பெண்டாட்டி.

அக்கா அண்ணனைப் பார்த்தாள். "இதெல்லாம் எப்ப வாங்குனது?"

"புள்ள பெரிய மனுசியானான்னு காதுல விழுந்த மறுநாளே."

"பின்ன ஏண்ணே வரல?"

"நீ கூப்புடலியேம்மா."

அக்கா இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்தினாள். "இப்பக் கூப்புட்டேன்ல? இப்பக் கூப்புட்டேன்ல?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.